வானத்திலிருந்து வெல்ல முடியுமா? ஊர் மேடையில் இந்தப் பட்டிமன்றத்தை நடத்தும் முறை

கிளப் ஆண்டு விழா, வாசகசாலை விழா, பங்குத் திருவிழாவில் இளைஞர் நிகழ்ச்சி, ஓணத்தை ஒட்டிய கலை நிகழ்ச்சி என்று குமரி மாவட்டத்தில் மேடைக்குப் பஞ்சமில்லை. தலைப்புக்குத்தான் பஞ்சம். மாமியாரா மருமகளா, பணமா பாசமா என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் இப்போது செய்தியிலிருந்து தலைப்பு எடுக்கிறார்கள். ஆயுதக் குழுக்களை விமானப்படையால் ஒடுக்க முடியுமா என்பது அப்படி வந்தது. நல்ல தலைப்புதான். ஆனால் ஓய்வுபெற்ற ராணுவத்தினரும் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களும் நிறைந்த மாவட்டம் இது. மேடையில் தவறாக ஒரு தேதி சொன்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தலைப்பு எப்போதும் ஒரே விதமாகத்தான் கெட்டுப்போகிறது. பத்தாவது நிமிடத்தில் ஒரு அணி தேசபக்தியாகவும் மற்ற அணி மனிதாபிமானமாகவும் மாறிவிடும். அதற்குப் பிறகு விமானமே வராது. அதைத் தடுக்க, அணி பிரிக்கும் முன்பே மூன்று கேள்விகளுக்கு இரு தரப்பும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: பலன் என்றால் என்ன? எந்தத் தேதியில் கணக்கை முடிக்கிறோம்? அப்போது தரையில் நின்றது யார்?

இரண்டாவது கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். சிரியாவைப் பாருங்கள். 2015 செப்டம்பர் 30 அன்று ரஷ்ய விமானங்கள் அசாத் அரசுக்காகக் குண்டுவீசத் தொடங்கின. 2016 டிசம்பரில் அலெப்போ நகரம் அரசின் கைக்கு வந்தது. அங்கே கணக்கை முடித்தால் வான்வலிமைக்கு வெற்றி. 2024 டிசம்பர் 8 அன்று அதே அசாத் நாட்டை விட்டு ஓடினார். அங்கே முடித்தால் கதை வேறு. தேதி பேசாமல் மேடை ஏறினால் இரண்டு அணியும் சிரியாவைச் சொல்லும், இரண்டும் சரியாகவே சொல்லும், கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. உடனடி விளைவுக்கு ஓராண்டு, நிலைத்த விளைவுக்கு ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு வசதி.

தலைப்பை எழுதுவது

"விமானப்படையா, தரைப்படையா?" என்று போடாதீர்கள். அது இரண்டு சேவல்களை மோதவிடும் தலைப்பு. "ஆயுதக் குழுக்களை ஒடுக்குவதில் வான்வலிமை தீர்மானிக்கும் சக்தியா, துணைச் சக்தியா?" என்பது நன்றாக ஓடும். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்தத் தலைப்பில் துணைச் சக்தி அணிக்குச் சரிவில் வண்டி ஓட்டுகிற சுகம் இருக்கிறது. வரலாறு பெரும்பாலும் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆகவே நன்றாகப் பேசக்கூடியவர்களைத் தீர்மானிக்கும் சக்தி அணியில் போடுங்கள். கடைசி மறுப்புரையையும் அவர்களுக்கே கொடுங்கள்.

"வான்வலிமை" என்ற சொல்லுக்கும் வேலி கட்ட வேண்டும். குண்டுவீச்சு மட்டும்தானா? வீரர்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர், காயம்பட்டவரைத் தூக்கி வருவது, காட்டுக்குள் அரிசி மூட்டை போடுவது, வேவு, துண்டறிக்கை, எல்லாமும் சேருமா? சேரும் என்று வைத்துக்கொண்டால் விவாதம் செழிக்கும். மலாயாவில் 1948 முதல் 1960 வரை நடந்த கெரில்லாப் போரில் லிங்கன் குண்டுவீச்சு விமானங்கள் காட்டின் மீது கொட்டியதில் கிடைத்த பலன் சொற்பம். காட்டுக்குள் நாள்கணக்கில் தங்கிய காவல் அணிகளுக்கு வானிலிருந்து உணவு போட்டதும், சரணடையச் சொல்லும் துண்டறிக்கைகளும், ஒலிபெருக்கி கட்டிய விமானங்களும்தான் வேலை செய்தன. ரப்பர் எஸ்டேட்டில் நம் தமிழர்கள் பால் வெட்டிக்கொண்டிருந்த நாடு அது. கூட்டத்தில் யாராவது ஒருவருடைய தாத்தா அங்கே இருந்திருப்பார்.

இன்னொரு வேலி: யாரை என்ன பெயர் சொல்லி அழைப்பது. போராளி, தீவிரவாதி, பயங்கரவாதி, புரட்சியாளர் என்ற நான்கு சொல்லும் நான்கு தீர்ப்புகள். சொல்லிலேயே தீர்ப்பு வந்துவிட்டால் வாதம் எதற்கு? "ஆயுதக் குழு" என்று இரு அணியும் ஒத்துக்கொள்ளட்டும். மீறினால் நடுவர் அரை மதிப்பெண் குறைப்பார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்கு ஒரு மலை

பேச்சாளர்கள் எழுத உட்காரும் முன் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மருந்துவாழ்மலையில் ஆறு பேர் போகட்டும். இரண்டு பேர் கீழே தென்னந்தோப்புக்குள் நிற்க, ஒருவர் கையில் மண்வெட்டி, மற்றவர் கையில் மடக்கிய நீளக் குடை. நாலு பேர் மேலே ஏறி, கைபேசியை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பார்த்து, யார் கையில் என்ன என்று தாளில் எழுத வேண்டும். கீழே இருப்பவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறி, ஒருமுறை கையிலிருப்பதையும் மாற்றிக்கொள்ளட்டும். இறங்கி வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆள் தெரியும், ஆள் யார் என்பது தெரியாது. ட்ரோன் வேண்டாம், அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் காவல் நிலையத்தில் உட்கார நேரிடும்.

இதே பரிசோதனையைக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய மேட்டில் செய்தால் இன்னொன்றும் புரியும். இலை தழைத்திருக்கும்போது உள்ளே ஒரு பட்டாளமே நின்றாலும் தெரியாது. இலை உதிரும் காலத்தில் கறை வடிகிற சிரட்டை வரை தெரியும். இலைதான் எதிரிக்குக் கூரை என்பதால்தான் 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் வியட்நாம் காடுகளில் ஏஜென்ட் ஆரஞ்சு போன்ற களைக்கொல்லிகளைத் தெளித்தன. காட்டை மொட்டையடித்தும் போர் முடியவில்லை. அந்த மருந்தின் தீங்கு மண்ணிலும் உடம்பிலும் தங்கியது.

கடற்கரை ஊர்களில் இதை விளக்கவே வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கப்பலும் விமானமும் நாள்கணக்கில் தேடியதை அவர்கள் பார்த்தவர்கள். கைகாட்டி அழைக்கிற மனிதனையே மேலிருந்து கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமென்றால், ஒளிய நினைப்பவனை என்ன செய்வது? வாதம் வலுவானது. ஆனால் குளச்சல், தூத்தூர் பக்கம் மேடை என்றால் இதைச் சொல்லவேண்டாம். ஆள் திரும்பாத வீடுகள் முன்வரிசையில் இருக்கும்.

அட்டை எழுதுவது

கட்டுரை எழுதி மனப்பாடம் செய்தால் மறுப்புரையில் கால் வாரிவிடும். அஞ்சலட்டை அளவுக்கு வெட்டிய தடித்தாள் போதும். ஒரு நிகழ்வுக்கு ஒரு அட்டை, ஒவ்வொன்றிலும் ஏழு வரி: இடமும் தேதியும், வானில் என்ன, தரையில் யார், ஓராண்டுக்குள் விளைவு, ஐந்தாண்டுக்குப் பிறகு விளைவு, எதிரணி இதை எப்படித் திருப்பும், எங்கே படித்தது. ஆளுக்கு நாலு, அணிக்குப் பன்னிரண்டு. அதற்கு மேல் போனால் மேடையில் தேடிக்கொண்டு நிற்பீர்கள். ஆறாவது வரி காலியாக இருக்கிற அட்டையைக் கொண்டுவரவே கூடாது.

மாதிரிக்கு ஒன்றை முழுதாக நிரப்பிப் பார்க்கலாம். இன்றைய மிசோரமின் தலைநகர் ஐஸ்வால், 1966 மார்ச் 5, 6. மிசோ தேசிய முன்னணி எழுச்சி தொடங்கி அசாம் ரைபிள்ஸ் முகாமை முற்றுகையிட்டிருந்தது. ஹெலிகாப்டரில் ஆள் இறக்கும் முயற்சி தரையிலிருந்து வந்த சூட்டில் தோற்றது. அதன் பிறகு இந்திய விமானப்படையின் தூஃபானி, ஹண்டர் விமானங்கள் ஊரைத் தாக்கின. தரையில் ராணுவப் படை சாலை வழியே வந்துகொண்டிருந்தது. ஓராண்டுக்குள் விளைவு: முற்றுகை உடைந்தது, ஊர் அரசின் கைக்குத் திரும்பியது, ஊரின் பல பகுதிகள் எரிந்தன. ஐந்தாண்டுக்குப் பிறகு: கிளர்ச்சி ஓயவில்லை, 1967 முதல் கிராமங்களைப் பெயர்த்துச் சாலையோரம் குடியமர்த்தினார்கள், 1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இருபது ஆண்டு போனது. எதிரணி எப்படித் திருப்பும்? முற்றுகையை உடைத்தது விமானம்தானே என்பார்கள். சரிதான். ஆனால் முற்றுகையை உடைப்பதும் கிளர்ச்சியை ஒடுக்குவதும் ஒன்றல்ல என்பது பதில்.

இதே அட்டையை எதிரணியும் எழுதும். எழுதட்டும். இரண்டு அணியும் ஒரே நிகழ்வை வைத்து மோதும் இரண்டு நிமிடம்தான் இந்தப் பட்டிமன்றத்திலேயே சிறந்த இரண்டு நிமிடமாக இருக்கும்.

தீர்மானிக்கும் சக்தி அணிக்கு வலுவான சரக்கு

இவர்களுக்கு முதல் அட்டை ஓமானின் தோஃபார். சலாலாவில் வேலை பார்த்தவர்கள் கரீஃப் காலத்துத் தூறலையும் மூடுபனியையும் மறந்திருக்க மாட்டார்கள். 1972 ஜூலை 19 அன்று கிளர்ச்சியாளர்கள் மிர்பாத் ஊரைத் தாக்க அந்தப் பருவத்தையே தேர்ந்தெடுத்தார்கள். மேகம் தாழ்ந்திருந்தால் விமானம் வராது என்று கணக்கு. வந்துவிட்டது. சலாலாவிலிருந்து கிளம்பிய ஸ்ட்ரைக்மாஸ்டர் ஜெட்கள் மேகத்துக்கடியில் தாழப் பறந்து தாக்கியதால் ஊரைக் காத்து நின்ற சிறு காவல் அணி பிழைத்தது. 1975 முடியும்போது கிளர்ச்சி முறியடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். ஆறாவது வரியை மறக்காமல் எழுதுங்கள்: 1970இல் ஆட்சிக்கு வந்த சுல்தான் காபூஸ் பொதுமன்னிப்பும் கிணறும் சாலையும் மருத்துவமனையும் கொடுத்தார், சரணடைந்தவர்களையே படையாக்கினார், ஈரான் தரைப்படை அனுப்பியது. எதிரணி இதைத்தான் எடுக்கும்.

கொலம்பியா இன்னும் கூர்மையான அட்டை. 2008 மார்ச்சில் ராவுல் ரேயெஸ், 2010 செப்டம்பரில் மோனோ ஹோஹோய், 2011 நவம்பரில் அல்ஃபோன்சோ கானோ என்று ஃபார்க் ஆயுதக் குழுவின் தலைவர்கள் வான் தாக்குதலோடு தொடங்கிய நடவடிக்கைகளில் வீழ்ந்தார்கள். 2012இல் பேச்சுவார்த்தை, 2016இல் உடன்படிக்கை. குண்டு ஆளைக் கொன்றதோடு நிற்கவில்லை, காட்டில் நூறு பேர் கூடி முகாம் போடுகிற பழக்கத்தையே கொன்றது என்று வாதிடலாம். கூட முடியாத படை போரிட முடியாது. ஆள்கணக்கை விட இந்த வாதம் நிற்கும்.

2001 அக்டோபர் 7 அன்று ஆப்கானில் அமெரிக்கக் குண்டுவீச்சு தொடங்கி நவம்பர் 13 அன்று தாலிபான் கையிலிருந்த காபூல் விழுந்ததையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தரையில் தாலிபானை எதிர்த்த வடக்குக் கூட்டணி நின்றது, 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் திரும்பி வந்தது என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். 2014 செப்டம்பர் முதல் 2015 ஜனவரி வரை சிரியாவின் கோபானி நகரில் ஐஎஸ் இயக்கம் நடத்திய முற்றுகையும் அப்படியே: வானில் அமெரிக்கக் கூட்டணி, தரையில் குர்துப் படை. ஒன்றில்லாமல் மற்றது ஊரைக் காத்திருக்காது.

துணைச் சக்தி அணிக்கு

லாவோஸ் போதும் என்று சொல்லிவிடலாம். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்களின் ஐந்து லட்சத்து எண்பதாயிரம் குண்டுவீச்சுப் பறப்புகள், இருபது லட்சம் டன்னுக்கும் மேல் குண்டுகள். 1975 டிசம்பரில் பாத்தெட் லாவோ என்ற கம்யூனிஸ்ட் ஆயுதக் குழு ஆட்சியைப் பிடித்தது. ஆனால் எண்ணை மட்டும் கொட்டிவிட்டு உட்காராதீர்கள். வட வியட்நாமின் சரக்கு போகும் காட்டுப் பாதையில் ஒரு லாரியை அழித்தால் மறுநாள் இரவு இன்னொரு லாரி வரும். பாலத்தைத் தகர்த்தால் ஆற்றுக்குள் கல் பரப்பித் தண்ணீருக்கு அடியிலேயே பாதை போடுவார்கள். தொழிற்சாலை வேறு நாட்டில் இருக்கிறது. தொழிற்சாலை உள்ள நாட்டை நொறுக்க உருவான ஆயுதத்தை, தொழிற்சாலை இல்லாதவன் மேல் வீசினார்கள். இந்த ஒரு வரியை நடுவர் தீர்ப்பில் எடுத்துச் சொல்வார்.

மியான்மர் இன்றைய அட்டை. 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு விமானம் ராணுவத்திடம் மட்டுமே இருந்தது. 2023 ஏப்ரல் 11 அன்று பசிஜி கிராமத்தின் மீது நடந்த தாக்குதலில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்படியும் 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் லாஷியோ நகரும் அங்கிருந்த ராணுவ வட்டாரத் தலைமையகமும் ஆயுதக் குழுவின் கைக்குப் போயின. ஏமனும் உண்டு: 2015 மார்ச் 26 முதல் சவூதி கூட்டணி ஆண்டுக்கணக்கில் குண்டுவீசியும் தலைநகர் சனா ஹூதி ஆயுதக் குழுவிடமே இருக்கிறது, 2025 மார்ச் 15 முதல் மே 6 வரை அமெரிக்கா தாக்கியும் அப்படியே.

தலைவரைக் கொன்றால் தலையில்லாப் பாம்பு என்ற உவமையை எதிரணி கட்டாயம் சொல்லும். அதற்குச் செச்னியா. 1996 ஏப்ரல் 21 அன்று செச்னியப் பிரிவினைத் தலைவர் ஜோஹர் துதாயேவ் செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கையில் ரஷ்ய ஏவுகணை விழுந்தது. ஆகஸ்டில் அவருடைய ஆட்கள் தலைநகர் குரோஸ்னியைத் திரும்பப் பிடித்தார்கள். நாலே மாதம்.

ஹெலிகாப்டரில் ஆள் இறக்குவதைப் பற்றிப் பேச்சு வந்தால் 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். இந்திய அமைதிப்படையின் வருகையைப் புலிகள் முன்கூட்டியே அறிந்து காத்திருந்தார்கள். சீக்கியப் படையணியின் முப்பது பேரில் ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார். முதல் நடையில் இறங்கியவர்களுக்கு இரண்டாம் நடை வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் இல்லை.

எடுக்கக் கூடாதவை

கார்கில், 1999. எல்லாரும் எடுப்பார்கள். எதிரே இருந்தது பாகிஸ்தான் ராணுவத்தின் வடக்கு லைட் இன்ஃபன்ட்ரி. மக்களுக்குள் கலந்திருந்த ஆயுதக் குழு அல்ல. 2019 பிப்ரவரி 26 பாலாகோட்டும், 2025 மே 7 அன்று தொடங்கிய ஆபரேஷன் சிந்தூரும் எல்லைக்கு அப்பால் இன்னொரு நாட்டின் மீது நடந்தவை. மூன்றையும் வெளியே வைத்துவிடுவதாக முன்கூட்டியே ஒப்பந்தம் போடுங்கள். இல்லாவிட்டால் கைதட்டல் அந்தப் பக்கமே போகும், விவாதம் செத்துவிடும். ஹிரோஷிமாவும் வேண்டாம். 1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரைத் தோற்கடித்த குளச்சல் போரும் வேண்டாம். நம் மாவட்டத்தில் போர் என்று தலைப்பு வந்தால் முதல் பேச்சாளர் குளச்சலில்தான் தொடங்குவார். அங்கே விமானம் இல்லை என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

எண்களைக் கையாளும் விதம்

பறப்புகளின் எண்ணிக்கை உழைப்பைக் காட்டும், பலனைக் காட்டாது. எத்தனை முறை வலை வீசினோம் என்பது எத்தனை மீன் என்பதாகிவிடாது. கொல்லப்பட்டோர் எண்ணிக்கையும் அப்படித்தான். எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்பதைக் கழிக்காமல் அதில் அர்த்தமில்லை. எதைக் கேட்க வேண்டும்? அந்தப் பகுதியில் இரவில் அரசு ஊழியர் தங்குகிறாரா, பேருந்து ஓடுகிறதா, வரி யார் வசூலிக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் யார் வென்றார் என்று தெரிந்துவிடும்.

ஆய்வு முடிவுகளும் இரண்டு பக்கமும் உண்டு. வியட்நாம் குக்கிராமங்களின் தரவை வைத்து 2011இல் வெளியான ஒரு ஆய்வு, குண்டு விழுந்த இடங்களில் அமெரிக்காவை எதிர்த்த வியட்காங் குழுவின் கட்டுப்பாடு கூடியது என்று காட்டியது. பாகிஸ்தான் பழங்குடிப் பகுதிகளைப் பற்றி 2016இல் வெளியான ஜான்ஸ்டன், சர்பாஹி இருவரின் ஆய்வு, ட்ரோன் தாக்குதலை ஒட்டி அந்தப் பகுதிகளில் வன்முறை குறைந்ததாகக் கண்டது. இரண்டையும் இரண்டு அணிக்கும் கொடுத்துவிடுங்கள். ஒன்று 1960களின் குண்டு, மற்றது குறிவைத்த ஏவுகணை என்ற வித்தியாசத்தை யார் முதலில் சொல்கிறாரோ அவருக்கு மதிப்பெண்.

500 பவுண்டு குண்டு என்று வெறுமனே சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. சுமார் 227 கிலோ. நாலரை சிமெண்ட் மூட்டை. அதில் வெடிமருந்து பாதிக்கும் குறைவு, மீதி இரும்பு ஓடு, அந்த ஓடுதான் சிதறிப் பறக்கிறது. இப்படிச் சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

வாட்ஸ்அப்பில் வருவதை அட்டையில் ஏற்றும் முன் தேதியை மட்டும் சரிபாருங்கள். ஐஸ்வால் மீது குண்டு வீசியவர்களில், பின்னாளில் காங்கிரஸ் அமைச்சரான ராஜேஷ் பைலட்டும் ஒருவர் என்ற செய்தி 2023இல் பரவியது. அவர் விமானப்படையில் அதிகாரியானதே 1966 அக்டோபர் 29 அன்று. குண்டு விழுந்தது மார்ச்சில். ஆவணத்தை அவர் மகன் சச்சின் பைலட்டே வெளியிட்டார். ஒரு தேதியில் விழுந்துவிடுகிற செய்தி அது. அப்படியும் எத்தனையோ மேடைகளில் ஓடியிருக்கும்.

ஒவ்வொரு தரப்பும் வெவ்வேறாகச் சொல்வதை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2006 ஆகஸ்ட் 14 அன்று வன்னியில் செஞ்சோலை வளாகத்தின் மீது இலங்கை விமானப்படை நடத்திய தாக்குதலில் இறந்தவர்கள் 61 என்று புலிகள் தரப்பு சொன்னது. அது பயிற்சி முகாம் என்று இலங்கை அரசு சொன்னது. முதலுதவிப் பயிற்சிக்கு வந்த பள்ளி மாணவிகள் என்று யுனிசெஃப் சொன்னது. மூன்றையும் சொல்லிவிட்டு வாதத்துக்குப் போங்கள்.

ஈழத்தைப் பேசும்போது

பேசாமல் இருக்க முடியாது. தமிழில் "கிபிர்" என்றால் இஸ்ரேலியப் போர்விமானம் என்பதைவிட ஓலம் என்றுதான் பலருக்கும் பொருள். வன்னியில் வேவு விமானத்துக்கு "வண்டு" என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பங்கர் வெட்டியிருந்தார்கள். இந்தச் சொற்கள் போதும், கண்ணீர் வேண்டாம். 1995 செப்டம்பர் 22 அன்று பள்ளிப் பிள்ளைகள் மீது குண்டு விழுந்த ஊரின் பெயரும் நாகர்கோவில்தான், யாழ்ப்பாண மாவட்டத்து நாகர்கோவில். நம் நாகர்கோவில் மேடையில் இதை ஒரே ஒரு முறை, குரலை உயர்த்தாமல் சொன்னால் போதும்.

பலன் என்ற கணக்குக்கு வந்தால்: 2007 நவம்பர் 2 அன்று புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் தமிழ்ச்செல்வன் வான் தாக்குதலில் கொல்லப்பட்டார், 2009 மே மாதம் போர் முடிந்தது என்று முதல் அணி சொல்லும். 2004இல் புலிகளுக்குள் வந்த பிளவு, கடலில் மூழ்கடிக்கப்பட்ட ஆயுதக் கப்பல்கள், பெருகிய தரைப்படை என்று இரண்டாம் அணி சொல்லும். கிபிர்கள் 1996 முதலே பறந்தன, 2000 ஏப்ரலில் ஆனையிறவு ராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தது என்பதும் அவர்கள் கையில் இருக்கும். அதோடு 2007 மார்ச்சில் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தைத் தாக்கியவை புலிகளின் சிறு விமானங்கள். வான்வலிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்ற புதுக் கோணமும் அதில் இருக்கிறது.

மாவட்டத்தில் மறுவாழ்வு முகாம்கள் உண்டு. குண்டுக்கடியில் வாழ்ந்தவர்கள் கூட்டத்தில் இருக்கலாம். "நீங்களே சொல்லுங்கம்மா" என்று மைக்கை நீட்டாதீர்கள். அவர்களாகச் சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் படியுங்கள். புலிகள் இயக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நடந்ததைப் பேசுவது வேறு, ஆதரவு திரட்டுவதாகப் படுகிற பேச்சு வேறு. பின்னது காவல் வழக்கில் போய் நிற்கும். இதை நடுவர் தொடக்கத்திலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

பேச்சும் மறுப்பும்

மேடைத் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் வரும். ஏழு நிமிடப் பேச்சுக்கு 600 சொல் எழுதினால் போதும். கைதட்டலுக்கும் "அவர்களே"க்களுக்கும் மீதி நேரம் போய்விடும். முதல் பேச்சாளர் வரையறையும் ஒரு நிகழ்வும், இரண்டாமவர் இரண்டு நிகழ்வுகள், மூன்றாமவர் எதிரணியின் வலுவான அட்டையை எடுத்து உடைப்பது.

மறுப்பு எப்படி ஆழமாகப் போக வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி.

"நடுவர் அவர்களே, 2006 ஜூன் 7, ஈராக்கில் அல்கொய்தா தலைவன் சர்காவி இருந்த வீட்டின் மேல் இரண்டு குண்டு. ஆள் முடிந்தான். இது பலன் இல்லையா?"

"ஆள் முடிந்தது உண்மை. எட்டு வருடம் கழித்து 2014 ஜூனில் அதே இயக்கத்தின் வாரிசான ஐஎஸ் மொசூல் நகரைப் பிடித்தது. இது யாருடைய பலன்?"

"இடையில் 2007க்குப் பிறகு அந்த இயக்கம் ஒடுங்கியதே, அதை ஏன் அண்ணன் விழுங்கிவிட்டார்?"

"விழுங்கவில்லை. ஒடுங்கியது. ஒடுக்கியது யார்? சுன்னிப் பழங்குடிகள் கட்சி மாறி அமெரிக்கத் தரைப்படையோடு கைகோத்தார்கள். விமானம் அப்போதும் மேலேதான் இருந்தது, அதற்கு முன்பும் மேலேதான் இருந்தது. மாறியது தரை."

நாலாவது பதில்வரை அட்டையில் இருந்தால்தான் இது நடக்கும். பெரும்பாலான அணிகள் இரண்டாவதோடு தீர்ந்துபோய், "அப்பாவி உயிர்கள்" என்று ஆரம்பித்துவிடும். அப்பாவி உயிர்கள் வாதம் பொய்யல்ல. ஆனால் அதைப் பலனோடு கட்ட வேண்டும். 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானில் குண்டூஸ் மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் சுட்டு 42 பேர் இறந்ததைச் சொன்னால், அந்தப் பகுதியில் அதன் பிறகு சிகிச்சையும் நம்பிக்கையும் என்னவாயின என்பதையும் சொல்லுங்கள்.

மேடை வேலை

நடுவர் தொடக்கம் 10 நிமிடம், ஆறு பேச்சு தலா 7, மறுப்பு இரண்டு தலா 4, கேள்விச் சீட்டு 15, தீர்ப்பு 15. மொத்தம் 90 நிமிடம். ஆறரைக்குத் தொடங்கினால் எட்டுக்கு முடியும் என்று தாளில் தெரியும். வரவேற்புரையும் பொன்னாடையும் சேர்ந்தால் ஒன்பது. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி முன்பே வாங்கிவிடுங்கள். ஆறாவது நிமிடத்தில் ஒரு மணி, ஏழாவதில் இரண்டு. மணியடிக்கும் ஆள் பேச்சாளருக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. இது சின்ன விஷயமாகத் தோன்றும், சண்டை இங்கேதான் வரும். மேடைக்குப் பின்னால் ஒரு உலக வரைபடம் தொங்கட்டும். தோஃபார் எங்கே, லாவோஸ் எங்கே என்று குச்சியால் காட்டிவிட்டுப் பேசினால் பாதி வேலை முடிந்தது.

நடுவராகக் கட்சிக்காரரைப் போடாதீர்கள். ஐஸ்வாலும் ஈழமும் வருகிற மேடையில் அவர் தீர்ப்பு சொல்ல மாட்டார், பிரசாரம் செய்வார். "இரு அணியும் வென்றது" என்ற தீர்ப்புக்கும் தடை. எந்த வரையறையில், எந்தத் தேதிவரை, தரையில் யார் நின்றபோது என்று மூன்றையும் சொல்லிவிட்டு ஒரு அணியின் பெயரைச் சொல்ல வேண்டும்.

முடிந்ததும் இருபத்துநாலு அட்டையையும் ஒரு உறையில் போட்டு வாசகசாலையில் வையுங்கள். அடுத்த ஆண்டு யாரோ கேட்பார்கள். கொடுக்கும் முன் ஐந்தாவது வரியைத் திருத்த வேண்டும். லாஷியோ அட்டையில் "ஆயுதக் குழுவின் கையில்" என்று 2024இல் எழுதியது, 2025 ஏப்ரலில் சீனா நடுவே நின்று பேசியதில் நகரம் ராணுவத்திடம் திரும்பியதோடு பழையதாகிவிட்டது. ஒரு விமானமும் அதைத் திருப்பித் தரவில்லை என்பதை ஆறாவது வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.